எந்த சிம் நல்ல சிம்?

"எந்த சிம் வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "வீடு எங்க இருக்கு?" என்பதுதான். சிலருக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் வரும். அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு கம்பெனியின் பெயர், கூடவே ஒரு ரீசார்ஜ் தொகை. ஆனால் கம்பத்தில் கடைவீதியில் பறக்கிற சிம், கொஞ்ச தூரம் தள்ளி சுருளிப்பட்டித் தோட்டத்தில் படுத்துவிடும். நாட்டிலேயே முதலிடம் என்று விளம்பரத்தில் மார்தட்டுகிற நெட்வொர்க் உங்கள் அடுப்படிக்குள் வருமா வராதா என்று அந்த விளம்பரத்துக்கே தெரியாது.

எங்கள் வீடு பழைய கட்டடம். சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். முன்திண்ணையில் நாலு கோடு காட்டுகிற போன், ரெண்டாம் கட்டுக்குள் போனதும் ஒரு கோடாக இளைத்து, அடுப்படியில் செத்துவிடும். அதனால் அம்மாவுக்கு யாராவது போன் செய்தால், "இருங்க இருங்க, டவர் இல்ல" என்று சொல்லிக்கொண்டே பின்வாசலுக்கு ஓடி, துவைகல் பக்கத்தில் நின்றுதான் பேசுவார். பக்கத்து வீட்டு மதினியிடம் வேறு கம்பெனி சிம். அதே கனத்த சுவருக்குள் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வெண்டைக்காய் நறுக்கியபடியே முக்கால் மணி நேரம் பேசுவார்.

இதில் மாயம் எதுவும் இல்லை, அலைவரிசைதான் காரணம். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். 2300, 3500 போன்ற உயர்ந்தவை நிறைய டேட்டாவைச் சுமக்கும், ஆனால் நாலு சுவர் குறுக்கே வந்தால் சோர்ந்துவிடும். எல்லாக் கம்பெனிகளும் இரண்டு வகையையும் கலந்துதான் வைத்திருக்கின்றன. உங்கள் தெருவுக்கு எந்த டவரிலிருந்து எந்த அலைவரிசை வந்து சேர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 5ஜி வேகம் எவ்வளவு என்று கடைக்காரர் வாசலில் நின்று அளந்து காட்டுவதை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று முடிவுகட்ட முடியாது.

ஆகவே என் யோசனை எப்போதும் ஒன்றுதான். சிம் வாங்கும் முன், வேறு வேறு கம்பெனி சிம் வைத்திருக்கிற சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வரும்போது அவர்கள் போனை வாங்கி, நீங்கள் ராத்திரி படுக்கிற இடத்திலிருந்து ஒரு அழைப்பு போட்டுப் பாருங்கள். எட்டிலிருந்து பத்து மணிக்குள் பார்த்தால் இன்னும் நல்லது. தெருவே படம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. அப்புறம், பார்சல் கொண்டுவருகிற பையன்களைக் கேளுங்கள். எந்த முக்கில் எந்த சிம் செத்துப்போகும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. பாதிப் பேர் அதற்காகவே ரெண்டு சிம் வைத்திருப்பார்கள். அரசாங்கத்தின் தரங் சஞ்சார் என்ற இணையதளத்தில் உங்களைச் சுற்றி என்னென்ன டவர்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் கொண்டுவந்த சேவைத்தர விதிகளின்படி கம்பெனிகள் தங்கள் தளத்தில் கவரேஜ் வரைபடமும் போட வேண்டும். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த வரைபடம் ஊர் முழுக்க ஒரே வண்ணத்தைப் பூசிவிடும். ரெண்டாம் கட்டு இருட்டறையெல்லாம் அதன் கணக்கில் வராது.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் இந்தத் தலைவலி பாதி குறையும். வைஃபை காலிங் என்று ஒன்று இருக்கிறது. செட்டிங்கில் அதை இயக்கிவிட்டால் டவர் இல்லாத அறையிலும் சாதாரண அழைப்பு வைஃபை வழியாக வந்துவிடும். தனிக் கட்டணம் இல்லை. போன் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பலருக்கு இது தங்கள் போனில் இருப்பதே தெரியாது. அம்மா இப்போது துவைகல்லை விட்டுவிட்டார்.

எல்லையோரம் இருக்கிற எங்களுக்கு இன்னொரு கதையும் உண்டு. கம்பத்திலிருந்து குமுளி மலை ஏறினால் கேரளம். அதிகாலையில் ஜீப் ஜீப்பாக ஆட்கள் ஏலத்தோட்ட வேலைக்கு மேலே போய், சாயங்காலம் இறங்கி வருவார்கள். டெலிகாம் கணக்கில் கேரளம் வேறு வட்டம், அதாவது கம்பெனிகளுக்கு உரிமம் கொடுக்கப் பிரித்து வைத்திருக்கிற வேறு பகுதி. முன்பெல்லாம் மலை ஏறியதும் ரோமிங் விழுந்துவிடும். வெளியே பேசினாலும் காசு, உள்ளே வந்தாலும் காசு. "சாப்டியா?" என்று வீட்டிலிருந்து கேட்கிற ஒரு வார்த்தைக்குத் தோட்டத்தில் நிற்பவரின் பேலன்ஸ் கரையும். அடிவாரத்தில் இருப்பவர்கள் பாடு அதைவிட வேடிக்கை. நீங்கள் லோயர் கேம்ப்பில் உங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருப்பீர்கள், போன் மட்டும் மலை மேலிருக்கும் கேரள டவரைப் பிடித்துக்கொண்டு ரோமிங்கில் உட்கார்ந்திருக்கும். அதற்காகவே நெட்வொர்க்கைத் தானாகத் தேடவிடாமல் கையால் தேர்ந்தெடுத்துப் பூட்டி வைக்கும் வித்தையை இங்கே பத்தாவது படிக்கிற பிள்ளைகள்கூடக் கற்று வைத்திருந்தார்கள். தோட்ட வேலைக்குப் போகிறவர்களில் பலர் கேரள சிம் ஒன்றைத் தனியாக வைத்திருந்தார்கள். ஜீப் மேலே ஏறும்போது ஒரு சிம், இறங்கும்போது ஒரு சிம்.

2016இல் ஜியோ ரோமிங் கட்டணமே கிடையாது என்று வந்தது. அடுத்த வருடம் மற்றவர்களும் வழிக்கு வந்தார்கள். ஜியோவைப் பற்றி என்ன குறை வேண்டுமானாலும் சொல்லலாம், எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் மலையேறுகிற ஜீப்பில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது செய்த நன்மையைச் சென்னையில் உட்கார்ந்து 4ஜி வேகத்தை மட்டும் பேசியவர்கள் கவனித்த மாதிரி தெரியவில்லை.

தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறோமே, உண்மையில் தேர்ந்தெடுக்க இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுக்குப் பேசியது. அப்போது நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை போனது. யாராவது நம்மை அழைத்தாலும் நாமும் காசு கொடுக்க வேண்டும். உள்வரும் அழைப்பு இலவசமானது 2003 மே 1 முதல்தான். அன்று சென்னை தனி வட்டம், மற்ற தமிழ்நாடு தனி வட்டம். சென்னையில் ஸ்கைசெல், ஆர்பிஜி. வெளியே பிபிஎல், ஏர்செல். அப்புறம் ஏர்டெல், ஹட்ச், பிஎஸ்என்எல்லின் செல்ஒன், ரிலையன்ஸின் 501 ரூபாய் போன், டாடா, யூனிநார், எம்டிஎஸ். ஒரு காலத்தில் பெட்டிக்கடை வாசலில் தொங்கிய ரீசார்ஜ் கூப்பன் சரங்களைப் பார்த்தால் திருவிழாத் தோரணம் தோற்கும். 2009இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று வந்தபோது, நிமிடக் கணக்கில் பிடுங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அடித்துப் பிடித்துக்கொண்டு நொடிக்கு இறங்கினார்கள். போட்டி என்றால் அதுதான் போட்டி.

2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 2ஜி வழக்கில் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2016இல் ஜியோ இலவசமாகக் கொடுத்தது. சின்னக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைச் சாத்தின. தமிழ்நாட்டுக்காரர்கள் மறக்காதது ஏர்செல். சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையில் பெயர் போட்டிருந்த கம்பெனி, 2018 பிப்ரவரியில் ஒரு நாள் சட்டென்று பேச்சிழந்தது. டவர் கம்பெனிகளுக்குப் பணம் பாக்கி. சிக்னல் இல்லாததால் வேறு கம்பெனிக்கு மாறுவதற்கான எஸ்எம்எஸ்கூட அனுப்ப முடியாமல் ஊர் ஊராக ஏர்செல் கடைகள் முன்னால் கூட்டம் கூடியது. அந்த மாதக் கடைசியிலேயே கம்பெனி திவால் மனு கொடுத்தது. அதே வருடம் ஆகஸ்ட்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாகி, பிறகு வி ஆயின. இன்று மிச்சம் மூன்று தனியார், அரசாங்கத்தின் பிஎஸ்என்எல்.

மூன்று பேர் இருக்கிற சந்தையில் போட்டி எப்படி நடக்கும் என்பதற்கு 2024 ஜூலையைப் பார்த்தால் போதும். ஜியோவும் ஏர்டெல்லும் ஜூலை 3 அன்று விலையேற்றின, வி மறுநாள். ஜியோவின் 239 ரூபாய்த் திட்டம் 299 ஆனது. ஏர்டெல்லின் 265 ரூபாய்த் திட்டமும் 299 ஆனது. அந்த வாரம் ஊரே பிஎஸ்என்எல்லுக்கு மாறப்போவதாகப் பேசிக்கொண்டது. நிறையப் பேர் மாறவும் செய்தார்கள், பிஎஸ்என்எல் மட்டும்தான் ஏற்றவில்லை.

28 நாள் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். பால்காரர் படியில் ஒரு விரல் குறைத்து ஊற்றுவது மாதிரியான வேலை அது. மாதம் என்றுதான் எல்லோரும் பேச்சில் சொல்கிறார்கள், ஆனால் 28 நாளுக்கு ஒரு முறை என்றால் வருடத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ். 299 என்றால் 3,588 அல்ல, 3,887. 84 நாள் திட்டத்தை மூன்று மாதம் என்று நினைத்து நாலு முறை போட்டால் 336 நாள்தான் வரும். பாக்கி 29 நாளுக்கு இன்னொரு முறை கையை விட வேண்டும். இதைப் பற்றிப் புகார்கள் குவிந்த பிறகு, 2022 ஜனவரியில் டிராய் ஒரு உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் செல்லுபடியாகிற திட்டம் ஒன்றும், மாதா மாதம் அதே தேதியில் புதுப்பிக்கிற திட்டம் ஒன்றும் வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் தானாக அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் அத்தையிடம் இருப்பது பட்டன் போன். நெட் என்றால் அவருக்குக் கொசுவலை. அவருக்கும் பல வருடமாக டேட்டாவோடு சேர்ந்த திட்டம்தான் போட்டுக்கொண்டிருந்தோம், ஏனென்றால் வேறு இல்லை. தினமும் ஒன்றரை ஜிபி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாரும் தொடாமலே காலாவதியாகும். 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தியது: பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டத்தைத் தனியாக விற்க வேண்டும், 365 நாள் வரைகூடக் கொடுக்கலாம். அடுத்த மாதமே எல்லாரும் அப்படித் திட்டம் கொண்டுவந்தார்கள். அதில் பெரிய லாபம் என்று சொல்ல முடியாது, டேட்டாவை எடுத்துவிட்டு விலையைக் கொஞ்சம்தான் குறைத்தார்கள். இருந்தாலும் அத்தைக்கு அதுதான் சரி. கடையில் கேட்டபோது, "அப்படி ஒண்ணும் இல்லியேண்ணே" என்றார் தம்பி. அவர்மேல் தப்பில்லை, அவருடைய ஆப்பில் மேலே மேலே வருவதெல்லாம் பெரிய திட்டங்கள். கீழே தள்ளிக்கொண்டே போய், கடைசிக்கு முந்தின வரிசையில் "வாய்ஸ் ஒன்லி" என்று இருந்ததை நான்தான் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. "அட, இருக்கே!" என்று அவரே ஆச்சரியப்பட்டுப் போட்டுவிட்டார்.

கம்பெனி மாறுவது இப்போது சுலபம். எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2010 நவம்பரில் அரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுக்க வந்தது. 2015இலிருந்து மாநிலம் விட்டு மாநிலமும் மாறலாம். போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். நாலு நாளைக்குத்தான் அது செல்லும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதுக் கம்பெனி கடைக்குப் போனால், ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிடும். இப்போதைய கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கி இருக்கக் கூடாது. பழைய சிம்மில் மிச்சமிருக்கிற பேலன்ஸ், நாள்கள் எல்லாம் போய்விடும், ஆகவே வேலிடிட்டி முடியும் தறுவாயில் மாறுவதுதான் புத்திசாலித்தனம். 2024 ஜூலையிலிருந்து இன்னொன்று சேர்ந்திருக்கிறது: சிம் தொலைந்து புது சிம் வாங்கியிருந்தால் ஏழு நாள் கழித்துத்தான் மாற முடியும். திருட்டு சிம்மை வைத்துக்கொண்டு எண்ணைக் கடத்துவதைத் தடுக்க வந்த விதி. நல்ல விதி.

1900க்கு எஸ்எம்எஸ் போன கொஞ்ச நேரத்திலேயே பழைய கம்பெனியிலிருந்து தேன் ஒழுகப் பேசுகிற ஒருவர் கூப்பிடுவார். "ஏன் சார் எங்களை விட்டுப் போறீங்க?" கடையிலும் ஆப்பிலும் எங்கும் காணாத ஒரு சலுகை அப்போது வெளியே வரும், உங்களுக்கு மட்டும் என்று. நாலைந்து வருடம் ஒழுங்காகக் காசு கட்டியவனுக்கு ஒன்றும் கிடையாது, வாசலைத் தாண்டுகிறவனுக்கு விருந்து! சரி, கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காகவே வருடத்துக்கு ஒரு முறை எஸ்எம்எஸ் அனுப்புகிற நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். மாறுகிறவர் மனதில் வைக்க வேண்டிய ஒன்று: சிம் மாறியதும் யுபிஐ ஆப்புகள் எண்ணை மறுபடி சரிபார்க்கும். வீட்டுக்கு விருந்தாளி வருகிற நாளில் போர்ட் போடாதீர்கள், கறிக்கடையில் ஜிபே இல்லாமல் நிற்க வேண்டிவரும்.

பிஎஸ்என்எல்லுக்கு மாறலாமா என்று கேட்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவர்களுடைய உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி 2025 செப்டம்பர் 27 அன்றுதான் நாட்டளவில் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. ஜியோ வந்து ஒன்பது வருடம் கழித்து. தனியார் எட்டிப் பார்க்காத மலைக் கிராமங்களில் பல இடத்தில் பிஎஸ்என்எல் டவர்தான் துணை. 4ஜிக்கு அவர்கள் 700 மெகாஹெர்ட்ஸையும் பயன்படுத்துகிறார்கள். உங்கள் பழைய போன் அந்த அலைவரிசையைப் பிடிக்குமா என்று பார்த்துவிட்டு மாறுங்கள். இல்லையென்றால் டவர் வாசலிலேயே இருந்தும் முழுப் பயன் கிடைக்காது. எனக்கு அவர்கள்மேல் ஒரு பாசம் உண்டு, அதை மறைக்கவில்லை. நாலாவதாக ஒருவர் குறைந்த விலையில் நிற்பதால்தான் மற்ற மூவருக்கும் கொஞ்சமாவது கூச்சம் இருக்கிறது.

இவ்வளவு பேசினாலும், இப்போது நாம் காசு கட்டுவது பேசுவதற்கா என்றால், எனக்குச் சந்தேகம்தான். பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. எண் எதற்கு வேண்டுமென்றால் வங்கி ஓடிபி, ஆதார், ரேஷன் கார்டு, கேஸ் புக்கிங் இவற்றுக்கு. அந்த எண் செத்தால் நாம் அரசாங்கத்துக்கும் வங்கிக்கும் செத்த மாதிரிதான். ப்ரீபெய்டு எண்ணில் பேச்சு, எஸ்எம்எஸ், டேட்டா எதுவுமே 90 நாள் நடக்கவில்லை என்றால் கம்பெனி அதை முடக்கலாம். பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. முடங்கிய எண் கொஞ்ச காலம் சும்மா கிடந்துவிட்டு இன்னொருவருக்குப் போய்விடும்.

அப்படிப் போன எண் ஒன்றுதான் என் இரண்டாவது சிம்மாக வந்து சேர்ந்தது. வாங்கிய வாரத்திலிருந்து எனக்கு முன் அதை வைத்திருந்தவரின் தவணை பாக்கிக்காக ஆட்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். "நான் அவர் இல்லீங்க" என்றால் நம்புவதில்லை. "எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றார் ஒரு பெண். போகட்டும். ஆனால் அவருடைய வங்கிக் கணக்கின் எஸ்எம்எஸ்களும் எனக்குத்தான் வந்துகொண்டிருந்தன. என்ன எடுத்தார், என்ன போட்டார் என்று எல்லாமே. அந்தக் கிளைக்கு நானே போய் எண்ணை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்த பிறகுதான் நின்றது. உங்கள் பழைய எண் இப்போது யார் கையில் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அரசாங்கத்தின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம், தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம். குடை நட்டு இலவச சிம் விற்பவர்களிடம் கைரேகை வைத்தவர்கள் கட்டாயம் ஒரு முறை பார்க்க வேண்டும்.

புகார் என்றதும் ஞாபகம் வருகிறது. அத்தையின் பழைய சிம்மில் யாரும் கேட்காமல் காலர் டியூன் ஒன்று ஏறிவிட்டது. அவரைக் கூப்பிட்டால் குத்துப்பாட்டு. துக்க வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் காதில் அதே பாட்டு. பேலன்ஸில் காசும் போய்க்கொண்டிருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டால், "கஸ்டமர் சம்மதம் கொடுத்திருக்காங்க" என்று பதில். பட்டன் தவறி அழுந்தினால் அது சம்மதம்! இந்த மாதிரிச் சேவைகளை நிறுத்த 155223 என்ற எண் இருக்கிறது. அதில் நின்றது, போன காசு மட்டும் வரவில்லை. அப்போது புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்திருந்தோம். அதை வைத்து அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினோம். எல்லாக் கம்பெனியிலும் இப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி, கட்டணமும் கிடையாது. டிராய்க்கே நேராக எழுதுகிறவர்கள் பலர், ஆனால் தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை. கொஞ்ச வாரத்தில் காசு திரும்பி வந்தது. தொகை சின்னதுதான், ஆனால் அத்தை அதைத் தெருவுக்கே சொன்னார்.

இப்போது என்னிடம் இரண்டு சிம். அடுப்படி வரை டவர் வருகிற கம்பெனியில் ஒன்று, அதுதான் டேட்டாவுக்கு. வங்கி எண் இன்னொரு கம்பெனியில், அதில் பேச்சு மட்டுமான திட்டம். இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் கறார். புயலடித்து ஒரு கம்பெனியின் கேபிள் அறுந்தால் இன்னொன்றாவது வேலை செய்யும். வேலிடிட்டி முடியும் தேதியை ஆப் நினைவுபடுத்தும்தான், நாளைக்கு ஏழெட்டு தடவை. ஆனாலும் அம்மா அதைச் சமையலறையில் தொங்குகிற நாள்காட்டியில் பேனாவால் குறித்து வைத்திருக்கிறார், அமாவாசைக்கும் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதிக்கும் நடுவில்.